அமைச்சர் வரும்வரை திறக்காதே

அத்தியாயம் 4

"கையை எடுங்க. அது சாட்சிப் பொருள்" என்றார் கல்வி அதிகாரி.

என் கை அப்போது ஒரு காலி அட்டைப் பெட்டியின் மேல் இருந்தது. சும்மா சாய்ந்து நின்றேன், அவ்வளவுதான். அவர் அதட்டிய தோரணையைப் பார்த்தால், பிணத்தின் கழுத்திலிருந்து நான் சங்கிலியைக் கழற்றிவிட்டேன் என்று நினைக்கத் தோன்றும்.

"பெட்டி காலின்னு நீங்களே சொல்றீங்க. காலிப் பெட்டியிலேர்ந்து நான் என்னத்த சார் எடுத்துடப் போறேன், காத்தையா?" என்றேன்.

"போனையும் குடுங்க, ரெண்டு பேரும். விசாரணை நடக்கிற இடத்துல போட்டோ எடுக்கக் கூடாது."

அண்ணி மறுபேச்சில்லாமல் தன் போனை நீட்டினார். வேறு வழியில்லாமல் நானும் நீட்டினேன். இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அந்த மனிதர் கதவருகே போய்க் காவலுக்கு நின்றார்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. போலீசில் இருந்தவர். பெரிய இடத்துப் பையன் ஒருவனைத் தவறிப்போய் நியாயமாகக் கைது செய்துவிட்டதால் வேலையை விட்டு வெளியே வந்தவர். இப்போது எங்கள் வீட்டு மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். நான் உதவியாளர். சம்பளம் உண்டா என்று கேட்டு என் மானத்தை வாங்காதீர்கள்.

எங்களை வரவழைத்தவர் இந்த அரசுப் பள்ளியின் தலைமையாசிரியை. பள்ளிக்கூடமே அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. ஆள் என்னவோ என் தோள் உயரம்தான். ஒரு வாரமாகத் தூங்காத கண்கள். அந்தக் கண்களை அதிகாரியின் முதுகின் மேலேயே வைத்திருந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க டீச்சர், சுருக்கமா" என்றார் அண்ணி.

"வருஷ ஆரம்பத்துல ஒரு கம்பெனியோட அறக்கட்டளை, பிள்ளைங்களுக்கு டேப்லட் குடுக்குறோம்னு வந்தாங்க மேடம். விழா நடந்துச்சு. போட்டோ எடுத்தாங்க. மேடையிலேயே எங்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. இந்தப் பெட்டிகளை இந்த ஸ்டோர் ரூம்ல அடுக்கிட்டு, 'அமைச்சர் வந்துதான் திறந்து வைப்பாரு, அதுவரைக்கும் டேப்பைக்கூடத் தொடக் கூடாது'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"நீங்களும் தொடலை?"

பெரிய டீச்சர் சிரித்தார். அதைச் சிரிப்பு என்று சொல்வது சிரிப்புக்கு அவமானம்.

"எங்க டிபார்ட்மெண்ட்ல அமைச்சர் திறக்க வேண்டியதை ஹெச்.எம். திறந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. புதுசாக் கட்டின கழிப்பறையே அவர் வரலைன்னு ஒரு வருஷம் பூட்டிக் கிடந்துச்சு. பளபளன்னு ரிப்பன் மட்டும் தொங்கிட்டு இருக்கும். பிள்ளைங்க புதர் பக்கம் ஓடும்."

"அப்புறம்?"

"அமைச்சர் தேதி குடுப்பாரு, தள்ளிப் போடுவாரு. ஒவ்வொரு தடவையும் எங்களுக்குத் தகவல் அறக்கட்டளை ஆபீஸ்லேர்ந்துதான் வரும். கடைசியா இன்னிக்கு வர்றாருன்னு உறுதி ஆச்சு. ஒரு வாரம் முந்தி வந்து பார்த்தா பூட்டு உடைஞ்சு கிடக்கு. பெட்டி எல்லாம் காலி. நான் வித்துத் தின்னுட்டேன்னு சொல்றாங்க."

அதோடு முடிந்திருந்தால் அது வெறும் திருட்டு வழக்கு. ஆனால் புதிய கல்விக் கொள்கையில் ஒரு வரி இருக்கிறது. தனக்கு வந்த பொருளைப் பாதுகாக்கத் தெரியாத அரசுப் பள்ளியை, தகுதியுள்ள ஓர் அறக்கட்டளை தத்தெடுத்துக்கொள்ளலாம். கட்டடமும் மைதானமும் அவர்களுக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு தரும் நிதியும் அவர்களுக்கே. அந்தக் கொள்கையை எழுதிய குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? இதே அறக்கட்டளையின் தலைவர்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பவரையே பரிமாறவும் விட்டால் வேறு எப்படி நடக்கும்?

ஆக, டேப்லட் திறப்பு விழாவாக இருந்தது இன்று சாயங்காலம் பள்ளி ஒப்படைப்பு விழாவாக மாறிவிட்டது.

"என் பேரு போனாப் போகட்டும் மேடம்" என்றார் பெரிய டீச்சர். "பக்கத்து ஸ்கூலை இவங்கதான் முன்னாடி தத்தெடுத்தாங்க. எடுத்த உடனே நுழைவுத் தேர்வு வச்சாங்க. பாஸ் ஆகாத பிள்ளைங்களை எல்லாம் வெளிய அனுப்பிட்டாங்க. அதுங்க இப்ப இங்கதான் படிக்குது. இதையும் பிடுங்கிட்டா அதுங்க எங்க போகும்? சொல்லுங்க, எங்க போகும்?"

அண்ணி ஒரு பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"தம்பி, இந்தத் திருடன் ரொம்ப நல்லவன்டா."

"எப்படி அண்ணி?"

"ஒவ்வொண்ணா வெளிய எடுத்து, பெட்டியை மட்டும் நமக்கு விட்டுட்டுப் போயிருக்கான். தூக்கிட்டுப் போறதுக்கு இதைவிட வசதியான பெட்டி அவனுக்கு எங்க கிடைக்கும்? தெர்மாகோல் துண்டு, பிளாஸ்டிக் உறை எதையும் கீழ போடலை பாரு. திருடிட்டுக் கூட்டிப் பெருக்கிட்டும் போயிருக்கான்."

"நம்ம வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாமா அண்ணி? அண்ணன் சந்தோஷப்படுவாரு."

"இதெல்லாம் போலீஸ் பார்த்துக்கும்" என்று கதவருகேயிருந்து குரல் வந்தது.

"புகார் குடுத்தாச்சா சார்?" என்று கேட்டார் அண்ணி.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "குடுப்போம். விழா முடியட்டும். நீங்க கிளம்புங்க, போதும்."

கிளம்பும்போதுதான் நான் கை வைத்திருந்த பெட்டியின் பக்கவாட்டைக் கவனித்தேன். பச்சை நிறத்தில் ஒரு குட்டி உள்ளங்கை பதிந்திருந்தது. விரல்கள் நான்குதான். மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பள்ளிச் சுவர் முழுவதும் இடுப்பு உயரத்துக்கு அதே பச்சைதான் அடித்திருந்தது. ஏதோ ஒரு வாண்டு பெயிண்ட் கையோடு தடவிப் பார்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அண்ணியும் ஒரு விநாடி அதைப் பார்த்தார். அப்போது எங்கள் இருவருக்கும் அது வெறும் கறைதான். வாசல் வரை கூடவே வந்த பிறகுதான் அதிகாரி எங்கள் போன்களைத் திருப்பிக் கொடுத்தார்.

*

பள்ளி வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தம். அதன் தலைமேல் அறக்கட்டளையின் பிரம்மாண்டமான விளம்பரப் பலகை. தலைவர் சிரிக்கிறார். அவர் கொடுத்த அட்டைப் பெட்டியை இந்தப் பள்ளிச் சிறுமி ஒருத்தி வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள். கீழே 'நாளைய உலகம் இவர்கள் கையில்' என்று கொட்டை எழுத்து.

"நாளைய உலகம் கையில, இன்னிய பள்ளிக்கூடம் அவர் பையில" என்றேன்.

அண்ணி அதற்குச் சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் மேலே ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து அவர்களும் பார்த்தார்கள்.

"அந்தப் பொண்ணு மூணாங்கிளாஸ் இருக்குமா?"

"அதுக்கு மேல இருக்காது அண்ணி."

"வா, கடைக்குப் போகலாம்."

அதே தெருவில் ஒரு மின்னணுப் பொருள் கடை இருந்தது. அண்ணி கடைக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் உள்ளே போய், டேப்லட்டுகளை மொத்தமாக அடைத்த, பிரிக்காத ஒரு பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பள்ளியில் பார்த்த அதே அளவுப் பெட்டிதான்.

"தூக்கு தம்பி" என்றார் அண்ணி.

தூக்கினேன். முழங்கால் வரைக்கும் வந்தது. என் இடுப்பில் ஏதோ ஒன்று என்னிடம் விடை பெற்றுக்கொண்டது.

"தலைக்கு மேல."

"அண்ணி, என் மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?"

"கீழ வை. பட்டாணி மாதிரி இருக்கிற பொண்ணு சிரிச்சுக்கிட்டே தலைக்கு மேல தூக்கியிருக்கா. அப்ப அந்தப் பெட்டியில ஒண்ணுமே இல்ல. வந்தப்பவே காலியா வந்திருக்கு. டேப்லட்டை யாரும் திருடலை, யாரும் குடுக்கவும் இல்ல. பூட்டை உடைச்சதும் அவங்க நாடகம்தான்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. இடுப்பு வலியோடு புல்லரிப்பது தனி அனுபவம்.

*

அறக்கட்டளை அலுவலகம் கண்ணாடியும் குளிருமாக இருந்தது. வரவேற்பறைச் சுவரில் தலைவர் ஒவ்வொரு கல்வி அமைச்சரோடும் கைகுலுக்கும் படம். ஆட்சி மாறினால் படத்தை மட்டும் மாற்றுவார்கள் போலிருக்கிறது. ஆணி பழைய ஆணிதான்.

எங்களைப் பார்க்க வந்தவர் விளம்பர மேனேஜர். உள்ளே வரும்போதே அத்தனை பற்களும் தெரிந்தன. பேசி முடித்து நாங்கள் எழுந்திருக்கும் வரை அவற்றை அவர் மூடவே இல்லை. மனதுக்குள் அவருக்குப் பல்வரிசை என்று பெயர் வைத்துவிட்டேன்.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை.

"உங்க போஸ்டர்ல இருக்கிற பெட்டி காலி."

"ஆமா" என்றார் பல்வரிசை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அது டம்மி மேடம். எல்லா விழாவுலயும் டம்மிதான். நிஜப் பெட்டியைக் குடுத்தா பிள்ளைங்களும் தூக்க முடியாது, எங்க தலைவருக்கும் முதுகுப் பிரச்சினை. போட்டோ முடிஞ்ச மறுநாள் வேன்ல ஒரிஜினல் போயிடும். டம்மியைத் திருப்பி எடுத்துட்டு வந்துடுவோம். அந்த ஸ்கூலுக்கும் அப்படித்தான் போச்சு. வாங்கிக்கிட்டேன்னு அந்த அம்மா கையெழுத்து இருக்கு. எங்க வக்கீல் காட்டுவாரு, போய்ப் பாருங்க."

மேடையிலேயே கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று பெரிய டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் சொல் ஒரு பக்கம், இவர்கள் வக்கீல் ஒரு பக்கம். எது ஜெயிக்கும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

"பாவம், நிறைய உழைச்சிருக்கீங்க போல" என்று பல்வரிசை என் இடுப்பைப் பார்த்துச் சொன்னார். பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரரு அரசுக் கல்லூரியில லைப்ரரியன்தானே மேடம்? அங்கயும் புதுக் கொள்கை வருது. லைப்ரரிக்கெல்லாம் தனியா ஒரு ஆள் தேவையான்னு யோசிக்க ஒரு கமிட்டி போட்டிருக்காங்க. நானும் அதுல இருக்கேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. மேசை மேல் கண்ணாடித் தம்ளர் ஒன்று இருந்தது. அதை எடுத்து அந்தப் பற்களின் மேல் எறிய எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டேன்.

அண்ணி அசையவில்லை. "அவரை வீட்டுல உட்கார வைக்கணும்னு எனக்கும் ரொம்ப நாள் ஆசை. வேளைக்குச் சமையலாவது நடக்கும். உங்களால முடிஞ்சா செய்யுங்க."

எழுந்தவர் நேராக வாசலுக்குப் போகவில்லை. சுவரில் அதே விளம்பரப் படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. அதன் முன்னால் நின்றார்.

"பிள்ளை கையெல்லாம் பச்சையா இருக்கே?"

பல்வரிசைக்கு உற்சாகம் வந்துவிட்டது. தொழில் பெருமை.

"அதான் மேடம் அந்தப் படத்தோட அழகே! பசங்க சுவருக்குப் பெயிண்ட் அடிச்சுட்டு இருந்தாங்க, அப்படியே கூட்டிட்டு வந்து நிக்க வச்சோம். விரல்ல கட்டு வேற. எதையும் அழிக்காதீங்க, இயற்கையா இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் படத்தைத்தான் கேக்குறாங்க. இன்னிக்குச் சாயங்காலமும் அதே பொண்ணைத்தான் மேடையேத்துறோம். தொலைஞ்சதுக்குப் பதிலா திரும்பவும் டேப்லட் தர்றோம்ல, அவதான் வாங்கிக்கிறா."

"உங்களுக்கு நல்ல கண்ணு" என்றார் அண்ணி.

தெருவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"காலையில நீ சாய்ஞ்சிருந்தியே, அந்தப் பெட்டியில என்ன இருந்துச்சு?"

"பச்சையா ஒரு கை... " என்று ஆரம்பித்தவன் வாயைப் பிளந்தேன். "நாலு விரல்! மோதிர விரல்ல கட்டு இருந்ததால அது மட்டும் பதியலை!"

"டம்மியை மறுநாளே திருப்பி எடுத்துட்டுப் போயிட்டோம்னு இவன் சொல்றான். அப்ப அந்தப் பொண்ணோட கை எப்படி இன்னிக்குக் காலையில ஸ்டோர் ரூம்ல இருந்துச்சு?"

நாங்கள் ஓடினோம். அதாவது, அண்ணி ஓடினார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

*

பள்ளி வாசலில் பெரிய டீச்சர் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எடுத்துட்டுப் போயிட்டாங்க மேடம். நீங்க அந்தப் பக்கம் போனீங்க, இந்தப் பக்கம் வேன் வந்துச்சு. சாட்சிப் பொருள், ஸ்டேஷனுக்குப் போகுதுன்னு சொல்லி அதிகாரியே நின்னு ஏத்தி விட்டாரு. எல்லா டீச்சரும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னாங்க. யாருக்கும் வாய் வரலை."

அண்ணி போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டார். அங்கே அவருடன் வேலை பார்த்த ஒருவர் இன்னும் இருக்கிறார். அப்படி ஒரு பெட்டியும் வரவில்லை, அப்படி ஒரு புகாரும் வரவில்லை என்றார் அவர்.

போச்சு. கைக்கு வந்தது நழுவிவிட்டது. போட்டோவும் இல்லை, பெட்டியும் இல்லை. இந்நேரம் ஏதாவது குப்பைமேட்டில் சாம்பலாகியிருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததை வாய்விட்டும் சொல்லித் தொலைத்தேன்.

பெரிய டீச்சர் என்னை முறைத்தார். "இதைச் சொல்லத்தான் வந்தீங்களா? போங்க சார். உங்களைக் கூப்பிட்டதுக்குப் பதிலா நானே ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

"டீச்சர்" என்றார் அண்ணி, "பெட்டியை எப்படி ஏத்தினாங்க? மடக்கியா, அப்படியேவா?"

"அப்படியேதான். நசுங்காம அடுக்கினாங்க. ஒண்ணு சரிஞ்சதுக்கு டிரைவரை அதிகாரி அந்தத் திட்டுத் திட்டினாரு."

அண்ணியின் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது. எனக்குப் பழக்கமான சிரிப்பு. அது வந்தால் யாருக்கோ கெட்ட நேரம்.

"அழிக்கப் போறவன் மடக்கித்தான் ஏத்துவான் தம்பி. மடக்கினா அத்தனையும் ஒரு ஸ்கூட்டர்ல போயிடும். நசுங்காமப் பார்த்து ஏத்துறான்னா?"

"ன்னா?"

"விழாவுல உங்களுக்கு என்ன வேலை குடுத்திருக்காங்க டீச்சர்?"

"வேலையா? மேடையில எனக்கு நாற்காலியே கிடையாது. ரிப்பன் வெட்டுறப்ப கத்திரிக்கோல் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்னு அதிகாரி உத்தரவு."

"பிடிங்க" என்றார் அண்ணி. "நல்லாக் கெட்டியாப் பிடிங்க."

*

சாயங்காலம் மைதானம் நிரம்பி வழிந்தது. வேலையிலிருந்து அப்படியே வந்த பெற்றோர்கள், வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகள், நாலைந்து டிவிக்காரர்கள். வாசலில் கட்டியிருந்த ரிப்பனை அமைச்சர் வெட்டினார். பெரிய டீச்சர் தட்டை நீட்டினார், கத்திரிக்கோல் தட்டுக்குத் திரும்பி வந்தது. அமைச்சர் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தார்.

மேடையில் அறக்கட்டளைத் தலைவர், கல்வி அதிகாரி, மைக்கோடு பல்வரிசை. ஓரத்தில் பெட்டிகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் 'மீண்டும் தருகிறோம்' என்று அச்சடித்த பளபளப்பான தாள் ஒட்டியிருந்தது. பட்டாணி மாதிரி என்று அண்ணி சொன்ன அந்தச் சிறுமியும் நின்றாள். போஸ்டரில் இருந்ததைவிட இன்னும் சின்னவளாக இருந்தாள்.

பல்வரிசை மைக்கில் முழங்கினார். "பொருளைப் பாதுகாக்கத் தெரியாதவர்கள் தொலைத்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் தலைவர் கோபப்படவில்லை. இதோ, குழந்தைகளுக்காகப் புத்தம் புதிய டேப்லட்டுகள்! இன்று முதல் இந்தப் பள்ளியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்!"

கைதட்டச் சொன்ன இடத்தில் பிள்ளைகள் கைதட்டின.

"கீழேயிருந்து ரெண்டாவது பெட்டி" என்று அண்ணி என் காதில் சொன்னார். "அந்தத் தாளோட ஓரத்தைப் பாரு."

பார்த்தேன். பளபளப்பான தாளின் விளிம்புக்கு வெளியே பச்சையாக ஒரு சுண்டு விரல் நுனி எட்டிப் பார்த்தது.

அடப்பாவிகளா! மேடைக்கென்றே செய்த பெட்டிகள் இவை. இன்றைக்கு மேடைக்குப் பெட்டி வேண்டும், புதிதாகச் செய்ய யாருக்கும் மனசு வரவில்லை. திருட்டுப் போனதாகச் சொன்ன பெட்டிகளையே ஏற்றிக்கொண்டு போய், தாள் ஒட்டித் திருப்பிக் கொண்டு வந்துவிட்டார்கள்.

அண்ணி பெரிய டீச்சரைப் பார்த்துத் தலையசைத்து, இரண்டு விரல்களைக் கீழ்நோக்கிக் காட்டினார். என்ன செய்ய வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உதவியாளருக்கு எப்போதும் கடைசியில்தான் சொல்வார்கள்.

பெரிய டீச்சர் தட்டோடு மேடைப் படிகளில் ஏறினார். தட்டு ஏந்தி வருபவரை யார் தடுப்பார்கள்? நேராக அந்தக் கோபுரத்துக்குப் போய் மேலே இருந்தவற்றை ஒதுக்கி, கீழேயிருந்து இரண்டாவது பெட்டியை உருவினார். ஒரு கையால் தூக்கிவந்து அமைச்சர் முன்னால் வைத்தார்.

"ஐயா, அமைச்சர் வர்ற வரைக்கும் திறக்காதேன்னு சொன்னாங்க. வருஷம் முழுக்க நான் தொடலை. இப்ப நீங்களே வந்துட்டீங்க. திறந்து வைங்க."

மைக் பக்கத்திலேயே இருந்ததால் மைதானம் முழுவதும் கேட்டது.

"அது அப்புறம்மா" என்று அதிகாரி பாய்ந்து வந்தார். "விழா முடியட்டும்."

"விழாவே திறக்கிறதுக்குத்தானே சார்?"

பெற்றோர் பக்கமிருந்து ஒரு குரல், "திறங்க ஐயா, பிள்ளைங்க பார்க்கட்டும்!" என்றது. டிவிக்காரர்கள் முன்னால் நகர்ந்தார்கள். கேமராவைப் பார்த்ததும் அமைச்சர் கை தானாகக் கத்திரிக்கோலை எடுத்தது. பல வருடப் பழக்கம் அது. டேப்பை வெட்டினார், உள்ளே கைவிட்டார், துழாவினார். அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது.

"என்னய்யா இது?"

தலைவருக்குத் திடீரென்று காது கேட்காமல் போய்விட்டது. பல்வரிசை மைக்கைப் பிடுங்கினார்.

"ஐயா, அது டம்மிங்க ஐயா! போட்டோவுக்காக! எல்லா ஸ்கூலுக்கும் நாங்க கொண்டு போற அதே டம்மி பெட்டிதான், வருஷக்கணக்கா இதேதான்! ஒரிஜினல் நாளைக்கு வேன்ல வருது!"

"நன்றி சார்" என்றார் பெரிய டீச்சர். குனிந்து அந்தப் பளபளப்பான தாளை ஒரே இழுப்பில் கிழித்தார். பச்சைக் கை வெளியே வந்தது. "காலையில என் ஸ்டோர் ரூம்லேர்ந்து, திருட்டுப் போன சாட்சிப் பொருள்னு அதிகாரி ஏத்திட்டுப் போனாரே, அந்தப் பெட்டி இது. என் டீச்சருங்க அத்தனை பேரும் பார்த்தாங்க. டம்மியை வச்சுட்டுப் போயிட்டு, நான் அதுக்குள்ளேர்ந்து என்னத்தத் திருடினேன்? சொல்லுங்க!"

பல்வரிசையின் வாய் அன்றைக்கு முதல் தடவையாக மூடிக்கொண்டது.

"யாரோட கையோ..." என்று அதிகாரி ஏதோ ஆரம்பித்தார்.

"என்னோடது" என்றாள் அந்தச் சிறுமி.

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகவே வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். விரலில் இப்போது கட்டு இல்லை. ஆனால் தன் மோதிர விரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மிச்ச நான்கு விரல்களையும் அந்தப் பச்சையின் மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

மைதானத்தில் எழுந்த சத்தத்தில் மேடைத் துணி படபடத்தது. ஒரு தகப்பன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடையை நோக்கி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். தடுக்க எனக்கு மனசே வரவில்லை. என் இடுப்பு மட்டும் சரியாக இருந்திருந்தால் இன்னொரு நாற்காலியை நான் தூக்கியிருப்பேன்.

அமைச்சர் அமைச்சர்தான். கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைக்கைக் கையில் எடுத்தார். "இந்த அறக்கட்டளையின் மீது எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்தது! அதனால்தான் நானே நேரில் வந்து திறந்து பார்த்தேன்! ஒப்படைப்பு ரத்து! இந்தப் பள்ளி அரசுப் பள்ளியாகவே இருக்கும்!" என்று முழங்கினார். கல்வி அதிகாரி கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டினார். அந்தக் கைகளை என்ன செய்தால் தகும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெற்றோர்கள் பெரிய டீச்சரைச் சூழ்ந்துகொண்டார்கள். சிலர் அழுதார்கள். பக்கத்துப் பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட பிள்ளைகள், தங்களுக்கு என்ன கிடைத்தது என்று தெரியாமலே குதித்துக்கொண்டிருந்தன.

நானும் அண்ணியும் வாசலில் ஒதுங்கி நின்றோம். அமைச்சர் காரில் ஏறும்போது எங்களைத் தாண்டித்தான் போனார். செயலாளரிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டு போனார்.

"இவனுங்களை நம்பி மானம் போச்சு. போன வாரம் ஒருத்தன் வந்தானே, இன்னொரு கம்பெனிக்காரன், கொஞ்சம் விவரமானவன்... அவனை நாளைக்கு வரச் சொல்லு. அந்தக் கொள்கை அப்படியே இருக்கட்டும், மாத்த வேண்டாம்."

கார்க் கதவு மூடியது. திரும்பிப் பார்த்தால் பெரிய டீச்சர் எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

விழாக் காண்டிராக்டரின் ஆள் ஒருவன் ஓடிவந்தான். "டீச்சர், தட்டையும் கத்திரிக்கோலையும் குடுத்துடுங்க. வாடகைப் பொருள்."

பெரிய டீச்சர் தட்டை அவனிடம் நீட்டினார். கத்திரிக்கோலைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"இது என்கிட்ட இருக்கட்டும்" என்றார். "அடுத்தவன் பெட்டியோட வருவான்."